கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன்

ஒரு பொய்யை ஒரே ஆளிடம் விற்றால் வியாபாரம் எப்படியோ ஓடிவிடும். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக விற்றவர்களுக்குத்தான் சாப்பிட்டது செரிக்காது.

பொடிசு அப்படி விற்றவள்.

வீட்டில் கேட்டால், கணக்கு எழுதுகிற மென்பொருள் கம்பெனியில் வேலை. உண்மையில் அவள் வேலை பார்ப்பது 'பாழ்கோட்டை' என்ற சண்டை விளையாட்டின் இரண்டாம் பாகத்தைத் தயாரிக்கும் புது ஸ்டூடியோவில். விளையாடிப் பார்த்து, எங்கே பிழை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பவள். ஆபீசில் கேட்டால், அவளுக்குக் கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. உண்மையில் அவளுடைய அண்ணன்தான், அதே ஸ்டூடியோவை இணையத்தில் வாரம் தவறாமல் வெளுத்து வாங்கும் 'மீசை'.

மீசையின் முழு முகத்தை ரசிகர்கள் பார்த்ததில்லை. வீடியோவில் அவன் மூக்குக்குக் கீழே தொடங்கி மேசையோடு முடிந்துவிடுவான். அடர்ந்த மீசை, கன்ட்ரோலரைப் பிடித்த இரண்டு கை. அதற்கே லட்சம் பேர். பகலில் லிஃப்ட் மெக்கானிக். மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது பிழைப்பு. வீடு வந்ததும் பாழ்கோட்டைக்குள் போய்த் தானே மாட்டிக்கொள்வது பொழுதுபோக்கு.

வேலைக்குச் சேர்ந்தபோது பொய் சொல்ல வேண்டும் என்று பொடிசு நினைக்கவில்லை. செய்வது என்னவென்று வீட்டிலும் சொல்லக்கூடாது என்பது ஆபீஸ் விதி. விளையாட்டை அறிவிக்கும் நாளில் அண்ணனைத் திகைக்க வைக்கலாம் என்றிருந்தாள். அறிவித்த அன்றே அண்ணன் வீடியோ போட்டான்.

"பழைய கம்பெனிக்காரன் பேரை வித்துட்டுக் கடையை மூடிட்டான். வாங்கினவன் யாரு? இதுக்கு முன்னாடி மீன்பிடி விளையாட்டு செஞ்சவன். மீன் பிடிச்சவன் கையில வாளைக் குடுத்தா என்ன பண்ணுவான்? செதில் சீவுவான்!"

'செதில் சீவாதே' என்று அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு ரசிகர்கள் திரிந்தார்கள். அதற்குப் பிறகு வீட்டில் எப்படி வாயைத் திறப்பது? ஆபீசில்தான் எப்படித் திறப்பது?

ரசிகர்களின் சந்தேகத்தைத் தீர்க்க, அவர்களில் சிலரையே கூப்பிட்டு விளையாடக் கொடுப்பது என்று ஸ்டூடியோ முடிவு செய்ததும், முதல் அழைப்பு மீசையின் பெயருக்கே போனது என்பதும் போன வாரமே உங்களுக்குத் தெரியும்.

அந்த நாள் இன்று.

*

காலையில் அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான்.

"யாருக்குடா கல்யாணம்?" என்றாள் அம்மா.

"எதிரி கோட்டைக்குப் போறேம்மா."

"எதிரியைப் பார்க்க இஸ்திரி எதுக்கு?"

அப்பாவுக்குத் திரைச்சீலைக் கடை. எதையும் கடை வாசலில் வைத்துத்தான் யோசிப்பார். "சரக்கு பார்க்கப் போறவன் நல்ல சட்டை போடக்கூடாதுடா. பார்த்ததும் விலையை ஏத்திடுவான். பழசு ஒண்ணை மாட்டிக்கிட்டு போ. வேண்டாவெறுப்பா தொட்டுப் பாரு."

"சரக்கை நான் வாங்கப் போகலைப்பா. அவன்தான் என்னை வாங்கக் கூப்பிட்டிருக்கான்."

"அப்ப சட்டை சரி," என்றார் அப்பா.

பொடிசு தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "பயமா இருக்கா அண்ணா?"

"இருக்கு. நல்லா இருந்துடுமோன்னு பயம்." அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். "நல்லா இருந்தா, இத்தனை நாள் திட்டினதை வாபஸ் வாங்கணும். நல்லா இல்லைன்னா பாழ்கோட்டை போச்சு. நம்ம நாயகி காவற்காரிக்கு உதட்டுச் சாயம் பூசி விட்டிருப்பானுங்களோ? சுவர் ஏறினா அவ கை தளர்ந்து போகுமே, அதை எடுத்திருப்பானுங்களோ? ட்ரைலர்ல மழை பிரமாதம். மழையை இவ்வளவு நல்லா எடுக்கறவன் வேற எதையோ மறைக்கறான்னு நம்ம பசங்க எழுதறானுங்க."

"ரெண்டுல எது நடக்கணும் உனக்கு?"

"வாபஸ் வாங்கணும்டி! எல்லார் முன்னாடியும் காதைப் பிடிச்சுக்கிட்டு மன்னிப்பு கேக்கறேன். மூச்சு மட்டும் இருந்தாப் போதும்."

மூச்சு என்ற சொல்லைப் பொடிசு ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். ரசிகர்கள் பேசும் பேச்சில் ஏதோ ஓர் அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தாள். பாட்டுக் கேட்பவர்கள் உயிர் இருக்கு, உருக்கம் இருக்கு என்பார்களே, அப்படி.

"மூச்சுன்னா என்னதான் அது?"

"நம்ம வீட்டுலயே இப்படி ஒரு கேள்வியா! காவற்காரி அடி விழற கடைசி நேரத்துல ஒதுங்கறா இல்லையா? ஒதுங்கின உடனே ஒரு துளி நேரம் நிப்பா. அப்ப பொத்தானை அழுத்தினாலும் கேக்க மாட்டா. பொறுத்துக்கணும். அந்த நிப்பு முடியற விளிம்புல வாளை இறக்கினா அடி ரெண்டு மடங்கு. பழைய கம்பெனிக்காரன் தெரிஞ்சு வெச்சதில்லை, தப்பா விழுந்தது. நாங்கதான் கண்டுபிடிச்சோம். மத்த விளையாட்டுல எல்லாம் வேகமா அழுத்தறவன் ஜெயிப்பான். இதுல மட்டும்தான் பொறுக்கத் தெரிஞ்சவன் ஜெயிப்பான்."

பொடிசின் கையில் டம்ளர் அப்படியே நின்றது.

பொத்தானை அழுத்தினாலும் கேட்பதில்லை. இதே சொற்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் அவளே எழுதிக் கொடுத்தவை. 'ஒதுங்கிய பின் காவற்காரி அசையாமல் நிற்கிறாள். பொத்தானை அழுத்தினாலும் கேட்பதில்லை. சரிசெய்யவும்.' மறுநாளே சரிசெய்தார்கள். புதுப்பெண் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கிறாள் என்று பாராட்டு வேறு.

சிறுவயதிலிருந்து அண்ணனுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவள்தான். ஆனால் அந்த நிற்றல் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. காவற்காரியின் போர்வை அசைந்துகொண்டேயிருக்கும், முடி பறந்துகொண்டேயிருக்கும். கன்ட்ரோலரைப் பிடித்த கட்டைவிரலுக்கு மட்டும்தான் தெரியும். கன்ட்ரோலரை அண்ணன் அவளிடம் கொடுத்ததே இல்லை.

"ஏண்டி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றாள் அம்மா.

"ஆபீசுக்கு நேரமாச்சும்மா."

அண்ணனுக்கு முன்னால் அவள் கிளம்பிப் போனாள். இருவரும் போகவேண்டியது ஒரே கட்டடத்துக்கு.

*

பார்வையாளர் அறையில் விளக்கு போடுவதில்லை. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. அங்கிருந்து பார்த்தால் விளையாட வந்தவர்கள் தெரிவார்கள்; அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வெறும் கறுப்புச் சுவர். ஒவ்வொருவர் கையையும் தனித்தனியாகக் காட்டும் சின்னத் திரைகள் வரிசையாக இருந்தன. கதவு வெளிப்பக்கம் சத்தமில்லாமல் சாத்திக்கொள்ளும். நடுவில் எழுந்து போனால் வெளிச்சம் உள்ளே விழுந்து கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே ஆட்டம் முடியும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

"மேடம், தலைவலியா இருக்கு. இன்னிக்கு வேற யாராவது..." என்று பொடிசு ஆரம்பித்தாள்.

"அந்த மீசைக்காரன் வந்தா எனக்கும்தான் வரப்போகுது. உக்காரு."

ஸ்டூடியோவின் தலைமை அவர். ஆபீசில் முதுகுக்குப் பின்னால் 'கத்தரி'. காட்சியை வெட்டுவார், செலவை வெட்டுவார், லீவு கேட்டால் வாக்கியம் முடிவதற்குள் வெட்டுவார். பொடிசுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது. வந்தவர்கள் ஐந்து பேர். ஸ்டூடியோ அனுமதி இல்லாமல் ஒரு வார்த்தையும் வெளியே பேசமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். அண்ணன் கடைசியாக நுழைந்தான்.

"உங்க லிஃப்ட் இறங்கும்போது முனகுது," என்றான் வரவேற்ற பெண்ணிடம். "ஆளை வரச்சொல்லிப் பாருங்க. மாட்டிக்கிட்டா சிரமம்."

அவனுக்குப் பக்கத்து இருக்கையில் பனைமரம் போல ஒல்லியான ஒருவன். மீசையைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான். "அண்ணே! நீங்கதானே? மூக்கை இப்பதான் முதல்தடவை பார்க்கறேன். ஆனா மீசையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு!"

"மூக்கு எப்படி?"

"பரவாயில்லண்ணே."

பார்வையாளர் அறையில்கூடச் சிரிப்பு எழுந்தது. கத்தரி மட்டும் சிரிக்கவில்லை. "இவனா? நான் இன்னும் கொடூரமா இருப்பான்னு நினைச்சேன்."

ஆட்டம் தொடங்கியது.

முதலில் சுவர். காவற்காரி ஏறினாள். பாதியில் கை தளர்ந்தது. அண்ணன் "அடடா!" என்றான். "தளருது! எடுக்கலை!" கோட்டை மதில்மேல் மழை பெய்தது. வாளை வீசினான், அதன் கனத்தை மணிக்கட்டில் வாங்கினான், தலையாட்டினான். முகத்தில் ஏறிய சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலவில்லை. பேரத்துக்கு லாயக்கில்லாத முகம் என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

"பிடிச்சிருக்கு அவனுக்கு," என்றார் கத்தரி மெதுவாக. அந்தக் குரலில் இப்படி ஓர் ஆசை இருக்கும் என்று பொடிசுக்குத் தெரியாது. "பிடிச்சிருக்குடி!"

பொடிசு மட்டும் கோட்டை வாசலை எண்ணி உட்கார்ந்திருந்தாள். வாசலில் முதல் பெரிய எதிரி காத்திருக்கிறான்.

வந்துவிட்டான். சம்மட்டியை ஓங்கினான். அண்ணன் கடைசி நேரத்தில் ஒதுங்கினான். அத்தனை அழகான ஒதுங்கல்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைக் காட்டும் சின்னத் திரையைப் பார்த்தாள். வலது கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே எழுந்து, தொடாமல், காத்து நின்றது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம் அந்தக் காத்திருப்பில் இருந்தது. பிறகு இறங்கியது. அதற்குள் எதிரி திரும்பிவிட்டிருந்தான். சம்மட்டி காவற்காரியின் தோளில் விழுந்தது.

இன்னொரு முறை ஒதுங்கினான். விரல் காத்தது. அடி விழுந்தது.

மூன்றாம் முறை விரல் இன்னும் கொஞ்சம் பொறுத்தது. தன்மேல்தான் தப்போ என்று பார்க்கிற விரல். காவற்காரி விழுந்தாள்.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கன்ட்ரோலரைச் சட்டை நுனியால் துடைத்தான். அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பி வைப்பவன்போல, சத்தம் வராமல் மேசையில் வைத்தான். மற்றவர்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒல்லி மட்டும் ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தான்.

வரவேற்ற பெண் அருகே போனாள். "என்ன சார், பாதியிலயே? பிடிக்கலையா?"

"மழை நல்லா இருக்கும்மா," என்றான் அண்ணன்.

இருட்டறையில் கத்தரி முன்னால் சாய்ந்தார். "மழையா? இவ்வளவு நேரம் சிரிச்சுக்கிட்டுதானே இருந்தான்? என்ன ஆச்சு? யாருக்காவது புரியுதா?"

யாருக்கும் புரியவில்லை. புரிந்த ஒருத்தியால், கதவைத் திறந்தால் வெளிச்சம் விழும் என்பதால், எழுந்து போகவும் முடியவில்லை. அண்ணன் சட்டைப்பையில் கைவிட்டபடி, நேராக இந்தக் கறுப்புச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பொடிசு நாற்காலியில் இரண்டு அங்குலம் சுருங்கினாள்.

"சரி, விடுங்க," என்றார் கத்தரி. "மழை நல்லா இருக்குன்னு வாயால சொன்னான் இல்லை? அதையே போஸ்டர்ல போடுங்க. 'மீசையே மயங்கிய மழை!' அனுமதி நாம குடுக்கறதுதானே."

பொடிசின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது. "மேடம், முடிஞ்சதும் உங்ககிட்ட தனியா பேசணும்."

*

கத்தரியின் அறையில் இரண்டு நாற்காலி உண்டு. உட்காரச் சொல்லும் வழக்கம் இல்லை. பொடிசு நின்றபடியே சொல்லி முடித்தாள். மூச்சு என்றால் என்ன என்பதை. அதை எடுக்கச் சொன்னது தான்தான் என்பதை. மீசை தன் அண்ணன் என்பதை.

கத்தரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதுல எதுக்கு முதல்ல கோபப்படறது? நீயே சொல்லு."

"தெரியலை மேடம்."

"எனக்கும் தெரியலை. அதனால அதை அப்புறம் வெச்சுக்கலாம்."

'அப்புறம்' என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியடைந்த ஊழியர் அந்தக் கட்டடத்தில் இதுவரை இல்லை.

"திருப்பி வைக்க முடியாதா மேடம்?"

"அந்த நிப்பை வைக்கறது பெரிய வேலை இல்லை. ஆனா அது வந்துட்டா ஒவ்வொரு எதிரியோட அடியையும் மறுபடி அளக்கணும். ஒரு மாசம் வேணும். வர்ற வாரம் முடிச்சு அனுப்பியாகணும்." அவர் விரலால் கூரையைக் காட்டினார். "மேல இருக்கறவங்களுக்கு விளையாட்டு தெரியாது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு மட்டும்தான் தெரியும். இப்ப அடிக்கறது உங்க அண்ணன் ஊதின காத்து. இந்த நிலைமையில போய் ஒரு மாசம் குடுங்கன்னு கேட்டா, உள்ளே ஏதோ கெட்டுப்போச்சுன்னு மொத்தத்தையும் இழுத்து மூடிடுவாங்க. இங்க இருக்கற அத்தனை பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்."

பொடிசு கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னிக்கு சாயங்காலம் அவர் வாயால ஒரு நல்ல வார்த்தை வரட்டும். அனுமதி குடுக்கறேன். ரசிகர்கள் நம்ம பக்கம் திரும்பிட்டாங்க, இன்னும் ஒரு மாசம் குடுத்தா தங்கமாக்கிடுவோம்னு காலையில கேட்டு வாங்கறேன். உன் மூச்சு திரும்பி வரும்."

"இல்லாததை இருக்குன்னு சொல்லச் சொல்றீங்க."

"இருக்கப்போறதைக் கொஞ்சம் முன்னாடி சொல்லச் சொல்றேன்."

"அவர் அப்படிச் சொல்ற ஆளில்லை மேடம்."

"அதனாலதான் அவர் சொன்னா விலை போகும்."

பொடிசு கடைவீதியில் வளர்ந்தவள். பேரத்தில் ஒரே ஆயுதம், வேண்டாம் என்று சொல்லிப் படியிறங்கிப் போவதுதான் என்று அம்மாவைப் பார்த்துக் கற்றவள். எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்த்தாள். அவருக்கும் இறங்கிப் போகப் படி இல்லை என்று தெரிந்தது. இரண்டு பேருமே கடைக்குள் பூட்டிக்கொண்ட பேரம் இது. இப்படிப்பட்ட பேரத்தை அம்மாகூடச் சொல்லித் தரவில்லை.

"கேட்டுப் பார்க்கறேன் மேடம்."

"பார்க்காதே. கேளு."

*

சாயங்காலம் வாசலிலேயே அம்மா பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் வந்ததுல இருந்து வாயைத் திறக்கலை. கேட்டா கையெழுத்து போட்டிருக்கேன்ங்கறான். ஏற்கனவே இந்த வீட்டுல ஒருத்தி ஆபீஸ் ரகசியம்னு அலையறா. இப்ப இவனும் சேர்ந்துட்டான். எனக்கும் உங்க அப்பாவுக்கும் நடுவுலயாவது ஏதாவது ரகசியம் இருந்தா சுவாரசியமா இருக்கும். அதுவும் இல்லை."

"இப்ப ஆரம்பிச்சாலும் ஆச்சு," என்றார் அப்பா, துணி மடித்துக்கொண்டே.

பொடிசு அண்ணன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி இருந்துச்சு அண்ணா?"

"சொல்லக்கூடாது."

"சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும். சுவர்ல கை தளர்ந்துச்சு. வாசல்ல மூணு தடவை அடி வாங்கின. மழை நல்லா இருக்குன்னு சொன்ன."

அவன் எழுந்து உட்கார்ந்தான். அவளை மேலும் கீழும் பார்த்தான். "அந்தக் கறுப்புச் சுவர்..."

"சுவர் இல்லை. கண்ணாடி."

"அதுக்குப் பின்னாடி இருந்தியா? என் கையைப் பார்த்துக்கிட்டு?" குரல் ஏறியது. "எவ்வளவு நாளா? அப்ப கணக்குக் கம்பெனி? நான் இங்க உக்காந்து கத்தினதை எல்லாம் பக்கத்து ரூம்ல கேட்டுக்கிட்டு, காலையில எழுந்து அவனுங்க ஆபீசுக்கே போயிட்டு வந்திருக்க!"

"நீ செதில் சீவறவன்னு சொன்னே. அதுல நானும் ஒருத்தின்னு எப்படி வந்து சொல்றது?"

"சொல்லியிருக்கணும்!"

"சரி, இப்ப சொல்றேன். இன்னொண்ணும் சொல்றேன். மூச்சை எடுக்கச் சொன்னது நான்தான். எனக்கு அது பிழையாப்பட்டுச்சு."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் மெதுவாகத்தான் கேட்டான். "என் பின்னாடியே உக்காந்து வளர்ந்தவ. உனக்கா பிழையாப்பட்டுச்சு?"

"பார்த்தா தெரியாதுண்ணா அது. கையில பிடிச்சாத்தான் தெரியும். நீ ஒரு தடவை குடுத்திருக்கியா?"

அவன் மீசை மட்டும் அசைந்தது. "அப்ப பழியில எனக்கும் ஒரு பங்கு இருக்குன்னு சொல்ல வர்ற."

"பழியைப் பிரிக்க வரலை. திருப்பி வைக்கலாம். அதுக்கு உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

கேட்டாள். கத்தரி சொன்னதை ஒரு சொல்லும் இனிப்புத் தடவாமல் சொன்னாள். தன் வேலை என்ன ஆகும் என்பதை மட்டும் விட்டுவிட்டாள்; அதை அவனே கேட்டான்.

"நான் முடியாதுன்னா உனக்கு என்ன ஆகும்?"

"அப்புறம் பேசிக்கலாம்னாங்க."

"ஓ. அப்படி." அறையில் நடக்க இடமில்லை, இருந்த நாலடியில் நடந்தான். "நான் வாயைத் திறந்தா நம்பறானுங்கன்னா, நான் இதுவரைக்கும் ஒரு தடவைகூடப் புளுகினதில்லைங்கறதாலதான். அந்த அம்மாவை நம்பலாமா?"

"தெரியலை. அவங்களும் மாட்டிக்கிட்டுதான் இருக்காங்க."

"மாட்டிக்கிட்டவங்களை இழுக்கறது என் தொழில். பொய்யைப் பிடிச்சு இழுத்ததில்லை." நாற்காலியில் உட்கார்ந்தான். விளக்கைப் போட்டான். கேமராவைத் தன் மூக்குக்குக் கீழே இறக்கினான். "நேரலைதான். எழுதிவெச்சுப் பேசினா எனக்கு வராது. நீ அந்தப் பக்கம் நில்லு."

*

ரசிகர்கள் வந்து குவிந்தார்கள். திரையோரத்தில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. போனீங்களா? பார்த்தீங்களா? செதிலா, வாளா?

அண்ணன் உண்மையிலிருந்து தொடங்கினான். கெட்டிக்காரன். "சுவர்ல கை தளருது. காவற்காரிக்கு உதட்டுச் சாயம் இல்லை. வாளுக்கு எடை இருக்கு, மணிக்கட்டுல தெரியுது. மழை, நீங்க நினைக்கறதைவிட நல்லா இருக்கு." ஒவ்வொன்றாக எடுத்துவைத்தான். எல்லாம் அசல் சரக்கு. அதோடு கடையைக் கட்டிவிடலாம் என்று பார்த்தான்.

விடுவார்களா?

'மூச்சு?' என்று ஒருவன் எழுதினான். 'அண்ணே மூச்சு இருக்கா?' 'மத்ததெல்லாம் விடுங்க, மூச்சு?' திரை முழுக்க அந்த ஒரே சொல் மேலேறி ஓடியது.

அண்ணன் கேமராவைத் தாண்டித் தங்கையைப் பார்த்தான். பொடிசு தலையசைக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

"இருக்கு," என்றான். "மூச்சு இருக்கு."

அவ்வளவுதான். எழுத்துகள் கொட்டின. ஒருவன் அழுவதாக எழுதினான். ஒருவன் செதில் சட்டையைத் தரைதுடைக்கப் போடுவதாக எழுதினான். புது ஸ்டூடியோவிடம் மன்னிப்புக் கேட்பவர்கள் வரிசையில் வந்தார்கள். பொடிசின் போனில் கத்தரியிடமிருந்து ஒரு வரி: 'பார்த்தேன். காலையில் மேலே பேசுகிறேன்.'

அண்ணனின் இரண்டு கையும் மேசையில் கிடந்தன. பாராட்டு வர வர அவை சுருங்கிக்கொண்டே போவதைப் பொடிசு பார்த்தாள்.

அப்போதுதான் ஒரு நீளமான வரி வந்தது.

'அண்ணே, இன்னிக்கு உங்க பக்கத்து நாற்காலியில இருந்தது நான். கையெழுத்துப் போட்டது எனக்கும் ஞாபகம் இருக்கு. என்ன ஆனாலும் சரி. வாசல்ல மூணு தடவை அடி வாங்கி நீங்க கன்ட்ரோலரைத் துடைச்சு வெச்சதைப் பார்த்தேன். நானும் தேடினேன். மூச்சு இல்லை. உங்களுக்கு என்ன குடுத்தாங்க அண்ணே?'

ஓடிக்கொண்டிருந்த எழுத்துகள் நின்றன. பிறகு ஒன்று: 'மீசை, பதில்?' இன்னொன்று: 'பதில் சொல்லுங்க.'

அண்ணன் மைக்கை அணைத்தான். உதடு அதிகம் அசையாமல் பேசினான். "அந்தப் பையன் புளுகறான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். எல்லாரும் நம்புவானுங்க. அவனைப் பிச்சு எறிஞ்சுடுவானுங்க."

"சொல்லாதே அண்ணா."

"சொல்லலைன்னா நான் காசு வாங்கினவன். உண்மையைச் சொன்னா உன் ஒரு மாசம் போச்சு, உன் வேலை போச்சு, மூச்சும் போச்சு. எந்தப் பக்கம் திரும்பறதுன்னு சொல்லு, திரும்பறேன்."

கேமராவின் கண் இன்னும் திறந்திருந்தது. பேச்சில்லாத மீசையையும், மேசைமேல் கிடந்த கைகளையும் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காசு வாங்கின கை எப்படி இருக்கும் என்று பார்க்கிற பார்வை அது. பூட்டுப் பழுது பார்க்கிறவரிடம் திருட்டுச் சாவியைக் கேட்டுவிட்டு, அவரையே திருடன் என்று ஊர் பார்க்கும்போது ஓரமாக நிற்பதுபோல இருந்தது அவளுக்கு.

மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்தாள். அண்ணனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மீசைக்கு அருகே, படத்தின் ஓரத்தில், இன்னொரு ஜோடிக் கை வந்து மேசையில் ஊன்றியது. மைக்கைப் போட்டாள்.

"அவன் சொல்றது நிஜம்," என்றாள். "மூச்சு இப்ப அதுல இல்லை. எடுக்கச் சொன்னது நான். அந்த ஸ்டூடியோவுல வேலை பார்க்கறேன். இவருக்கு யாரும் ஒண்ணும் குடுக்கலை. திருப்பி வெக்க வழி கிடைக்கும்னு நான்தான் கெஞ்சினேன். நான் இவரோட தங்கை."

அண்ணன் அவள் பக்கம் திரும்பினான். எழுத்துகள் ஒரேயடியாக வெடித்து ஓடின. படிக்க முடியாத வேகம்.

அவள் மடியில் போன் மணி அடிக்க ஆரம்பித்தது. திரையில் மேடம். நின்றது. உடனே மறுபடி அடித்தது. மைக் திறந்திருந்ததால் அந்த மணி எல்லோருக்கும் கேட்டது.

'யாரு, ஆபீசா?' என்று ஒருவன் எழுதினான். 'எடுங்க தங்கச்சி. நாங்களும் கேக்கறோம்.'

அண்ணன் மைக்கை அணைக்கக் கை நீட்டினான். பொடிசு அந்தக் கையைப் பிடித்து மேசையோடு அழுத்திக்கொண்டாள். மற்றக் கையால் போனை எடுத்துக் காதில் வைக்காமல், மைக்குக்கு எதிரே வைத்தாள்.

"சொல்லுங்க மேடம்," என்றாள்.